பிணையும் அம்பும்

நாகூரிலிருந்து கோடியக்கரைக்குச் சுமார் 65 கிலோமீட்டர். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, திருப்பூண்டி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், வேதாரண்யத்துக்கு முன்னால் ஓர் ஊர் வரும். பெயர் வேட்டைக்காரனிருப்பு. ஊர்ப்பெயரில் வேட்டைக்காரன் இருக்கிறான். ஊரில் நெல்லும் சவுக்கும்தான் இருக்கின்றன. காவிரியின் கடைமடையான இந்தக் கரையில் வில்லை இன்று பார்க்க வேண்டுமென்றால் விஜயதசமி வரை காத்திருக்க வேண்டும். அன்று மாலை சாமி குதிரை வாகனத்தில் புறப்பட்டு, எல்லைக்குப் போய், நட்டுவைத்த வாழை மரத்தின் மேல் அம்பு போடும். அம்பு விழுந்ததும் பிள்ளைகள் பொறுக்க ஓடுவார்கள். சாமி வீடு திரும்பும்.

அதே வில் உலகின் வேறு பகுதிகளில் மான்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் கருவியாக அரசாங்க அனுமதியோடு கையில் எடுக்கப்படுகிறது. அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் 1900ஆம் ஆண்டுவாக்கில் சில லட்சங்களாகக் குறைந்திருந்தன. இன்று அவை ஏறத்தாழ மூன்று கோடி. தோட்டத்தை மேய்கின்றன, காரில் மோதுகின்றன, காட்டின் அடித்தளிர்களை மிச்சமில்லாமல் தின்கின்றன. துப்பாக்கி வெடிக்க முடியாத குடியிருப்புகளில், சத்தமில்லாத வில்லைக் கொடுத்துப் பார்ப்போம் என்று அங்கே பல நகராட்சிகள் முடிவெடுத்தன. நம் நாட்டிலும் பயிர்ச்சேதம் பற்றிய பேச்சு எழும் ஒவ்வொரு முறையும் வேட்டையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்ற குரல் கூடவே எழுகிறது. வில் மென்மையானது, மரபானது, இயற்கையோடு ஒட்டியது என்ற நம்பிக்கையும் அதில் கலந்திருக்கிறது.

இந்த நம்பிக்கையில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வில்லால் மான்கள் குறையுமா? குறையும் என்றே வைத்துக்கொண்டாலும் அது தகுமா? இரண்டையும் எங்கள் மாவட்டத்து மான்காட்டில் வைத்தே கேட்டுப் பார்க்கிறேன்.

கோடியக்கரையில் யார் மேய்கிறார்கள்

கோடியக்கரை 1967 ஜூன் 13 அன்று சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முதற்காரணம் வெளிமான். பூநாரை பார்க்கப் போகிற பலருக்கு இது தெரியாது. தொடக்கத்தில் குறிக்கப்பட்ட பரப்பு 17 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2002இல் அதைச் சுற்றியுள்ள சதுப்பும் உப்பளமும் கழிமுகமும் சேர்ந்து ராம்சர் ஈரநிலமாக ஏற்கப்பட்டன. உள்ளே வறண்ட பசுமைமாறாக் காடு, அதை ஒட்டிப் புல்வெளி, அதற்கப்பால் சேறு. காட்டுக்குள் ராமர் பாதம் என்ற மேடு உண்டு. பொன்மானின் பின்னால் வில்லோடு போனவனின் காலடி, மான்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தின் நடுவில் இருக்கிறது.

மான் என்று ஒரே சொல்லால் நாம் சொல்வது உயிரியல் கணக்கில் இரண்டு வேறு குடும்பம். புள்ளிமான் அசல் மான். ஆணின் கிளைக்கொம்பு விழுந்து விழுந்து முளைக்கும். வெளிமான் அப்படியல்ல. முறுக்கிய அதன் கொம்பு வாழ்நாள் முழுக்க விழாது. மாட்டோடும் ஆட்டோடும் உறவுள்ள குடும்பம் அது. பழந்தமிழில் அதற்கு இரலை என்று தனிப்பெயரே இருந்தது. ஆணுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை, குட்டிக்கு மறி. வேட்டையும் மேய்ச்சலும் வாழ்வாக இருந்த காலத்தின் சொற்கள் இவை. எந்த மானை, எந்தப் பாலை, எந்த வயதை என்று பிரித்துப் பார்க்காமல் மான் அதிகம், மான் குறைவு என்று பேசுவது அந்தச் சொற்களைச் செய்தவர்களுக்கு அர்த்தமற்றதாகத் தோன்றியிருக்கும். மேலாண்மைக்கும் அந்தப் பிரிவுதான் முதற்படி.

வெளிமானுக்கு வேண்டியது திறந்த புல்வெளி. தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்ணால் பார்த்து, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடித் தப்பும் உடல் அதற்கு. புள்ளிமான் காட்டோரத்தில் நின்று புல்லையும் தழையையும் மேயும். கோடியக்கரையில் இவை இரண்டோடு மூன்றாவதாகக் குதிரைகளும் உண்டு. யாரோ ஒரு காலத்தில் வளர்த்து, பிறகு கைவிட்ட மட்டக்குதிரைகளின் சந்ததி அவை. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் வனவிலங்கு உயிரியல் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, வெளிமானும் குதிரையும் இடத்திலும் உணவிலும் ஒன்றின்மேல் ஒன்று மோதிக்கொள்வதைக் காட்டியது. அதே கல்லூரியிலிருந்து பின்னர் வந்த ஆய்வுகள் சீமைக்கருவேலம் புல்வெளியை விழுங்கி வெளிமானின் இடத்தைச் சுருக்குவதைப் பதிவு செய்தன. இதில் ஒரு சிக்கல் உண்டு. சீமைக்கருவேலங்காயை மானும் குதிரையும் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து, ஈரம் கண்டதும் முளைக்கும். தன் மேய்ச்சலை அழிக்கும் மரத்தை மானே விதைத்துக்கொண்டு போகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. கோடியக்கரையில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. மான்களும் குதிரைகளும் அலையில் போயின. அவற்றின் உடல்கள் வடக்கே காரைக்கால் கரைவரை ஒதுங்கின. அதாவது, எங்கள் நாகூரைத் தாண்டி. மான்கள் பெருத்துவிட்டன என்று பேசும்போது இந்தக் கரையில் ஒரே இரவு செய்யக்கூடியதையும் கணக்கில் வைக்க வேண்டும். மூன்று பக்கம் நீரும் ஒரு பக்கம் ஊரும் சூழ்ந்த சிறு நிலத்தில் வாழும் கூட்டத்துக்கு ‘உபரி’ என்று ஒன்றைக் குறிப்பது எளிதல்ல.

ஆனாலும் கேள்வி முழுக்கப் பொய்யானதும் இல்லை. கோடியக்கரையில் புலி இல்லை, சிறுத்தை இல்லை. இருப்பது நரி, அது மறியைத்தான் தூக்கும். கொன்றுண்ணி இல்லாத இடத்தில் புள்ளிமான் பெருகும், பெருகினால் காட்டின் இளங்கன்றுகள் தேறாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. அந்தமான் தீவுகளில் ஆங்கிலேயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புள்ளிமானைக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே அதை வேட்டையாடும் விலங்கு எதுவும் கிடையாது. அது தீவு தீவாக நீந்திப் பரவியது. காட்டின் மறுமுளைப்பை அது எப்படித் தடுக்கிறது என்று மறைந்த சூழலியலாளர் ரவுஃப் அலி உள்ளிட்டோர் எழுதினார்கள். ஆகவே மானைக் குறைக்கலாமா என்று கேட்பதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தீவின் காடு முழுக்க அழியும்போது அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதும் ஒருவகைக் கைகழுவல்தான்.

அம்பு எப்படிக் கொல்கிறது

புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் அம்பு யானையை, புலியை, புள்ளிக்கலையை, பன்றியை, கடைசியில் புற்றிலிருந்த உடும்பை ஒரே பாய்ச்சலில் துளைத்துப் போகும். வில் என்றதும் தமிழ் மனம் நினைப்பது அந்த அம்பைத்தான். எய்தால் தப்பாது, பட்டால் பிழைக்காது என்பது அந்த நினைப்பு.

உண்மையான அம்பு வேறு விதமாக வேலை செய்கிறது. துப்பாக்கிக் குண்டு வேகத்தாலும் அதிர்ச்சியாலும் திசுவைச் சிதைக்கும். அம்புக்கு அந்த ஆற்றல் இல்லை. சவரக்கத்தி போன்ற அலகுகள் பொருத்திய அதன் முனை இரத்தக்குழாய்களை அறுக்கிறது. விலங்கு இரத்தம் வடிந்தோ நுரையீரல் சுருங்கியோ சாகிறது. இரு நுரையீரலையும் இதயத்தையும் சேர்த்துக் கிழித்தால் சில நொடிகளில் மான் விழுந்துவிடும். நல்ல வேட்டைக்காரர்கள் இதைச் சொல்லும்போது பொய் சொல்வதில்லை. அம்பு நான்கு விரற்கடை பின்னால் தள்ளி வயிற்றில் தைத்தால் கதை வேறு. மான் ஓடிவிடும். சாக மணிக்கணக்கு ஆகும். சில சமயம் இரவு முழுக்க.

அந்த நான்கு விரற்கடை தவறுவதற்கு எய்பவனின் கைநடுக்கம் மட்டும் காரணமல்ல. இன்றைய கப்பி வைத்த வில்லிலிருந்து அம்பு நொடிக்கு ஏறக்குறைய 90 மீட்டர் வேகத்தில் போகும். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் மானுக்கு நாணின் ஓசை முதலில் போய்ச் சேரும். அம்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி கழித்துத்தான் சேரும். அந்த இடைவெளி மானுக்குப் போதும். ஓடத் தயாராக அது முதலில் உடம்பைத் தாழ்த்தும், திரும்பும். நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகில் தைக்கும், அல்லது குடலில். ஹவாயிலும் டெக்சாஸிலும் நம் புள்ளிமானை வில்லால் வேட்டையாடுபவர்கள், நாணொலிக்கு இதைப்போல விரைந்து துள்ளும் மான் வேறில்லை என்பார்கள். புலிக்கு அஞ்சியே வளர்ந்த இனம், வேறெப்படி இருக்கும்?

காயம்பட்டுக் கைக்குக் கிடைக்காமல் போகும் மான்களை அமெரிக்க ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். பழைய ஆய்வுகள் சிலவற்றில், வீழ்த்திய ஒவ்வொரு மானுக்கும் காயத்தோடு ஓடிய மான் ஒன்று என்ற அளவுக்குப் போயிருக்கிறது. மினசோட்டாவின் கேம்ப் ரிப்ளியில் நடந்த ஆய்வு அதைவிட மிகக் குறைவான அளவைக் காட்டியது. மேரிலாந்தில் ஒரு கடற்படைத் தளத்தில், தேர்வு வைத்துத் தகுதி பெற்றவர்களை மட்டும், புதுவகை வில்லோடு அனுமதித்த வேட்டையின் பல ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். அதில் சுமார் 18 விழுக்காடு. இதைவிடக் கட்டுப்பாடான சூழல் கிடைப்பது அரிது. அங்கேயே ஐந்தாறு மானுக்கு ஒன்று அம்போடு புதருக்குள் போயிருக்கிறது.

இந்த எண்ணை வைத்தே இரு தரப்பும் வாதாடுகிறார்கள். காரில் அடிபட்டோ பட்டினியிலோ சாகும் மானின் சாவு இதைவிடக் கொடியது என்கிறது ஒரு தரப்பு. அது உண்மைதான். ஆனால் பட்டினி யாருடைய கையிலிருந்தும் கிளம்புவதில்லை, அம்பு கிளம்புகிறது. ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுத்த கருவி ஐந்தில், ஆறில் ஒரு தடவை அரைகுறையாக வேலை செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், அந்த வலிக்கு அவரே பொறுப்பாளி. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் துப்பாக்கியால் மானைக் கொல்ல வழிவகைகள் வைத்திருக்கிறது; அம்பையும் ஈட்டியையும் தடை செய்திருக்கிறது. மான்வேட்டையைத் தொழிலாகவே நடத்தும் ஒரு நாடு தன் பழம்பெருமையான நெடுவில்லைத் தள்ளிவைத்தது சும்மா அல்ல.

கோடியக்கரைக்குத் திரும்பினால் இன்னொன்றும் தெரியும். வில்வேட்டைக்கு 20, 25 மீட்டர் அண்மை வேண்டும். அதற்கு மரத்தின்மேல் மறைந்து உட்கார வேண்டும். வெளிமான் நிற்பதோ மறைவில்லாத வெளியில். ஆள் தலை தெரிந்த தூரத்திலேயே கூட்டம் கிளம்பிவிடும். அறத்தை விட்டுவிட்டுத் தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் அந்த நிலத்துக்கு வில் பொருந்தாது.

கூட்டம் குறைவதும் கூட்டத்தில் சில குறைவதும்

வில்வேட்டைக்காரர்கள் பல மான்களைக் கொல்கிறார்கள். அதனால் மான்கள் குறைகின்றன என்று ஆகிவிடாது. இந்த வேறுபாட்டில்தான் முழு விவாதமும் நிற்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு காட்டில் 100 பிணைகள், 60 கலைகள். ஆண்டுக்குப் பிணை ஒன்றுக்கு ஒரு மறி, அதில் பாதி தேறுகிறது என்றால், புதிதாக 50. வேட்டைக்காரர்கள் வந்து 40 கலைகளை வீழ்த்துகிறார்கள். சுவரில் மாட்டக் கொம்பு வேண்டுமே. அடுத்த ஆண்டு எத்தனை மறி? அதே 50. ஒரு கலை பல பிணைகளோடு கூடும் இனங்களில், எஞ்சிய 20 கலைகளே போதும். சொல்லப்போனால் மறி கூடவே தேறலாம், ஏனெனில் 40 வாய்களுக்கான புல் மிச்சமாகியிருக்கிறது. கூட்டம் குறைய வேண்டுமென்றால் பிணைகளை எடுக்க வேண்டும். அதுவும் ஆண்டுதோறும், பெரும்பங்கை, விடாமல். பொழுதுபோக்காக வருபவர் அதைச் செய்வதில்லை. மான்கள் அரிதாக அரிதாக, மேலும் ஒரு மானைத் தேடி நாள்கணக்கில் மரத்தில் உட்கார அவருக்குப் பொறுமை இருக்காது. எதிர்மாறாக, அடுத்த ஆண்டும் வேட்டை இருக்க மான்கள் இருந்தாக வேண்டும் என்பதே அவருடைய நலன்.

நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகம் இதைச் சோதித்தே பார்த்தது. 2007இல் தொடங்கி, வளாகத்தின் மையப்பகுதியில் பிணைகளைப் பிடித்துக் கருக்குழாய் அறுவை செய்தார்கள். சுற்றுப்புறத்தில் வில்வேட்டையை அனுமதித்தார்கள். பிணையை வீழ்த்தினால்தான் கொம்பனை வீழ்த்தலாம் என்ற விதியும் வைத்தார்கள். ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தால் வளாகத்தில் ஏறத்தாழ அதே நூறு மான்கள். கலைகள் மட்டும் கூடியிருந்தன. கருத்தடை செய்த பிணைகள் கருவுறாததால் மாதந்தோறும் பருவத்துக்கு வந்தன. அந்த மணத்துக்குச் சுற்றுவட்டாரக் கலைகள் வந்து சேர்ந்துவிட்டன. காட்டில் கருவாலி நாற்றுகளை நட்டு, மான் மேய்ச்சல் குறைந்ததா என்று அளந்த ஆய்வும் கருத்தடையும் பொழுதுபோக்கு வில்வேட்டையும் போதவில்லை என்றே சொன்னது. பிறகு அவர்கள் இரை வைத்து, இரவிலும், தேர்ந்த சிலரைக் கொண்டு வில்லால் கொன்றார்கள். அப்போதுதான் எண்ணிக்கை இறங்கியது. அதற்கு வேட்டை என்று பெயர் சொல்ல முடியாது. அது கொலைத்தொழில்.

ஹவாயின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1868இல் ஐந்தாம் கமேஹமேஹா அரசருக்குப் பரிசாக ஹாங்காங் வழியாக மொலோகாய் தீவுக்கு அனுப்பப்பட்டவை இந்தியப் புள்ளிமான்கள்தான். பிறகு லானாய்க்கும், 1950களின் இறுதியில் மாவி தீவுக்கும் போயின. மாவியில் வில்லும் துப்பாக்கியும் ஆண்டு முழுக்க இயங்குகின்றன. ஆனாலும் மான்கள் பல்லாயிரமாகப் பெருகின. வறட்சி வந்தபோது பட்டினியால் சாலையோரங்களில் செத்து விழுந்தன, அரசு அவசரநிலை அறிவித்தது. இன்று அங்கே ஓரளவு பயன் தருவது, வெப்பப்படக் கருவியோடும் துப்பாக்கியோடும் இரவில் இயங்கும் பயிற்சி பெற்ற குழு. அரசு ஆய்வாளர் உடன் நிற்க, இறைச்சி வீணாகாமல் அது வேலை செய்கிறது. புள்ளிமானைப் பொறுத்தவரை வில்லின் திறனுக்கு ஹவாய் ஒரு பெரிய சோதனை. வில் தோற்றது.

சட்டம் சொல்வதும் மொகாமாவில் நடந்ததும்

நம் நாட்டில் இதெல்லாம் செய்யலாமா என்றால், இப்போதைய சட்டத்தில் வழியில்லை. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் உரிமம் பெற்ற வேட்டைக்கு இடம் தந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவை மூடியது. வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. புள்ளிமான் முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்து, 2022 திருத்தத்துக்குப் பின் இரண்டாம் அட்டவணைக்கு வந்தது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டு வரையான சிறை. 31ஆம் பிரிவின்படி அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்தில் நுழைவதே குற்றம்.

எனக்கு முக்கியமாகப் படுவது 12ஆம் பிரிவு. அறிவியல் மேலாண்மைக்காக விலங்குகளைப் பிடிக்க அது அனுமதி தருகிறது. அறிவியல் மேலாண்மை என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், வேறு இடத்துக்கு மாற்றுவதையும், கொல்லாமலும் நஞ்சிடாமலும் அழிக்காமலும் எண்ணிக்கையை நெறிப்படுத்துவதையும் மட்டுமே சொல்கிறது. காட்டில் கூட்டம் அதிகம் என்பது நம் சட்டத்தில் கொல்வதற்கான காரணமே ஆகாது. மனித உயிருக்கோ, பட்டியலைப் பொறுத்துப் பயிருக்கோ ஆபத்து என்றால் 11ஆம் பிரிவு. ஒரு விலங்கைத் தீங்குயிர் என்று ஒன்றிய அரசு குறிப்பிட்ட இடத்துக்கும் காலத்துக்கும் அறிவித்தால் 62ஆம் பிரிவு. அவ்வளவுதான்.

அந்த 62ஆம் பிரிவின் கீழ்தான் 2015 டிசம்பரில் பீகாரில் நீலகாய் என்ற காட்டுவிலங்கு தீங்குயிராக அறிவிக்கப்பட்டது. 2016 ஜூனில் மொகாமா பகுதியில் வெளியூரிலிருந்து வந்த துப்பாக்கிக்காரர்கள் சில நாள்களில் 200க்கு மேற்பட்ட நீலகாய்களைச் சுட்டார்கள். ஒன்றிய அமைச்சர் மேனகா காந்தி தன் சக அமைச்சர் பிரகாஷ் ஜவடேகரின் துறையை வெளிப்படையாகவே கண்டித்தார். விவசாயிகள் வரவேற்றார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கடைமடையில் ஒரு போகம் போனால் என்னவாகும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் சுட்ட பிறகும் நீலகாய்ப் பிரச்சினை பீகாரில் தீரவில்லை. மறுபடி மறுபடி சுட வேண்டியிருந்தது. 2019இல் வைசாலி மாவட்டத்தில் குண்டடிபட்ட ஒரு நீலகாயை மண்வாரி இயந்திரம் குழிக்குள் தள்ளி உயிரோடு மூடும் காணொளி வெளியானது. கொல்லும் அனுமதி கீழே இறங்க இறங்க என்ன ஆகும் என்பதற்கு அந்தக் குழி சாட்சி. துப்பாக்கிக்கே அந்தக் கதி என்றால், வில்லைக் கொடுத்தால் கண்காணிப்பது யார்?

தமிழ்நாடு காட்டுப்பன்றி விஷயத்தில் எடுத்த பாதை இதைவிடக் கவனமானது. 2025 தொடக்கத்தில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது. மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் மட்டும் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். கருவி அரசின் கையில், பொறுப்பும் அரசின் கையில். பயிர்க்காவலுக்கு இதுவே போதுமா என்பது தனி விவாதம். ஆனால் கொல்வதை யாருடைய பொழுதுபோக்காகவும் ஆக்கவில்லை என்ற அளவில் அது சரியான பாதை.

பிணை நின்றவர்

நாகூர்க்காரர்களுக்கு மான் என்றதும் நினைவுக்கு வருவது உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் வரும் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’. வேடன் பிடித்துக் கட்டிவைத்த பிணைமான் ஒன்று, தன் மறிக்குப் பாலூட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று நபிகள் நாயகத்திடம் கெஞ்சுகிறது. நாயகம் வேடனிடம் பிணை நிற்கிறார். போன மான் குட்டியோடு திரும்பி வருகிறது. வேடன் அதை விட்டுவிடுகிறான். பிணை என்ற சொல்லுக்குப் பெண்மான் என்றும் பொருள், ஜாமீன் என்றும் பொருள். தமிழில் எழுதியதால்தான் அந்தப் படலத்தின் தலைப்பு இப்படி இரண்டு பக்கமும் ஒளிவிடுகிறது.

இதை வைத்து இஸ்லாம் வேட்டையை மறுக்கிறது என்று சொன்னால் அது பொய். இறைவன் பெயர் சொல்லி எய்த அம்பில் விழுந்த விலங்கு ஹலால் என்பது சட்டநூல்களில் உள்ள தெளிவான தீர்ப்பு. பசிக்காக வேட்டையாடிய சமூகங்களுக்கு இறங்கிய மார்க்கம் அது. ஆனால் குர்ஆன் ஓதப் போன பள்ளியில் ஆசிரியர் அசரத்து சொல்லிக்கொடுத்த வேறு இரண்டும் அதே மார்க்கத்தில் இருக்கின்றன. அறுக்கும்போது கத்தியைத் தீட்டிக்கொள், பிராணிக்கு வேதனையைக் குறை என்பது ஒன்று. உயிருள்ளதைக் குறிபார்க்கும் இலக்காக நிறுத்தாதே என்பது இரண்டாவது. எங்கள் ஊர்க் கறிக்கடையில் இன்றும் ஓர் ஆட்டின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கமாட்டார்கள், அதன் முன்னால் கத்தியைத் தீட்டவும் மாட்டார்கள். கொல்வது அனுமதிக்கப்பட்ட இடத்தில்கூட, எப்படிக் கொல்கிறாய், எதற்காகக் கொல்கிறாய் என்ற கேள்வி விடாமல் நிற்கிறது.

இந்த அளவுகோலில் வில்வேட்டையை நிறுத்திப் பார்க்கிறேன். பசிக்காக வேட்டையாடும் பழங்குடிக்கு வில் இருந்த கருவிகளில் சிறந்தது. அவனிடம் அதற்குமேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. துப்பாக்கியும் மயக்க ஊசியும் வேலியும் கையில் இருந்தும், சவாலாக இருக்கிறது என்பதற்காகவே மெதுவாகக் கொல்லும் கருவியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு என்று பெயரிடுவது வேறு. சவால் எய்பவனுக்கு, விலையைக் கொடுப்பது மான். எண்ணிக்கை கட்டுப்பட்டிருந்தாலாவது வாதத்துக்கு ஒரு கால் இருந்திருக்கும். இத்தாக்காவும் மாவியும் அந்தக் காலையும் எடுத்துவிட்டன.

வெட்ட வேண்டியது

ஆக, கோடியக்கரையில் என்ன செய்வது? அங்கே வெளிமானுக்கு நெருக்கடி தருபவை எவை என்று ஆய்வுகள் சொல்லிவிட்டன. சீமைக்கருவேலம் முதலாவது. அதை வெட்டினால் போதாது. வேரோடு பறித்து, மூன்று நான்கு மழைக்காலம் நாற்றுகளைத் தொடர்ந்து பிடுங்க வேண்டும். இல்லையென்றால் வெட்டிய இடத்திலிருந்து இரட்டிப்பாய்த் துளிர்க்கும். ஊர்ப்பெண்களுக்கும் விறகுவெட்டிகளுக்கும் ஆண்டு முழுக்க வேலை தரக்கூடிய பணி இது. குதிரைகள் இரண்டாவது. அவை வனவிலங்கு அல்ல, கைவிடப்பட்ட கால்நடை. ஆகவே பிடித்து, ஆண்களுக்குக் காயடித்து, படிப்படியாக வெளியேற்றச் சட்டத்தடை குறைவு. அவற்றுக்கும் வலி உண்டு என்பதால், அதைக் கால்நடை மருத்துவர் வைத்துச் செய்ய வேண்டும். மூன்றாவது, ஊர்நாய்கள். காட்டின் ஓரத்தில் எச்சில் இலையும் மீன்கழிவும் கொட்டும் வரை நாய் பெருகும். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் கிண்டியிலும் நாய் கடித்துச் செத்த மான்களின் கதை எல்லோரும் அறிந்தது.

புள்ளிமான் கோடியக்கரையில் உண்மையாகவே அளவுமீறிப் பெருகி வெளிமானை நெருக்குகிறது என்று எண்ணிக்கை காட்டினால், 12ஆம் பிரிவு தரும் வழி இருக்கிறது: அடைப்புக்குள் பழக்கி, கூட்டமாகப் பிடித்து, இரை குறைந்த புலிக்காடுகளுக்குக் கொண்டுபோய் விடுவது. மத்தியப் பிரதேசத்தில் புள்ளிமான்களை அப்படி மாற்றியிருக்கிறார்கள். செலவும் மான்சாவும் அதில் உண்டு. ஆனால் மாற்றிய மான் ஒரு புலிக்கு இரையானாலும் அது காட்டின் கணக்கில் சேரும்.

இதற்கெல்லாம் அடிப்படை எண்ணிக்கை. மொத்தம் இத்தனை மான் என்ற ஒற்றை எண் போதாது. இரலையா புள்ளியா, கலையா பிணையா மறியா என்று பிரித்து எண்ணி, குதிரையையும் சேர்த்து எண்ணி, கருவேலம் எத்தனை ஏக்கர் போனது, எத்தனை ஏக்கர் வந்தது என்று அளந்து, ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டுக் கோடியக்கரை, கோடியக்காடு ஊராட்சி அலுவலகங்களின் சுவரில் வனத்துறை ஒட்ட வேண்டும். மானைப் பற்றி முடிவெடுக்கும் எந்தக் கூட்டத்திலும் அந்தத் தாள் மேசைமேல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.